மையம் தேடும் முன் ஓ.பி. சீட்டு: அரசு செலவில் குடி, போதை சிகிச்சை பெறும் வழி

குடியை விட வேண்டும், போதையை விட வேண்டும் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்ததும் யாராவது கைபேசியை எடுத்து 'மறுவாழ்வு மையம்' என்று தேடுவார்கள். மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் விளம்பரம் கொடுத்த தனியார் இடங்கள். மாதக் கட்டணத்தைக் கேட்டதும் பாதிப் பேர் அந்த யோசனையையே விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் நகையை அடகு வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதே சிகிச்சை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் காசில்லாமல் கிடைக்கிறது. 'மனநலப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே அது இருப்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. எனவே தேட வேண்டியது மையத்தை அல்ல, மனநல ஓ.பி.யை. மையம் வேண்டுமா, எந்த மையம், எப்போது என்பதெல்லாம் அங்கே இருக்கும் மருத்துவர் பார்த்த பிறகு வரும் கேள்விகள்.

முதலில் ஒரு எச்சரிக்கை: திடீரென்று நிறுத்த வேண்டாம்

ஓ.பி.க்குப் போவதற்கு முன் தெரிய வேண்டியது இது. தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிதானத்துக்கு வருகிறார் என்றால், 'நாளையிலிருந்து தொட மாட்டேன்' என்று சபதம் எடுத்து வீட்டிலேயே நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. மன உறுதியால் இதைத் தாண்ட முடியாது. பல ஆண்டு மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றதும் கட்டுமீறிக் கிளர்ந்தெழுகிறது.

நடப்பது ஏறக்குறைய இந்த வரிசையில் இருக்கும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குக் குழப்பம் பிடிக்கும்: நாள், இடம் தெரியாது, இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், யாரோ கொல்ல வருவதாக ஓடுவார்கள். 'பேய் பிடித்துவிட்டது' என்று கோயிலுக்குக் கூட்டிப்போவது இந்தக் கட்டத்தில்தான். வலிப்போ குழப்பமோ கடும் காய்ச்சலோ தெரிந்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கடைசியாக எப்போது குடித்தார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர்கள் தலைக்காயம், மூளைக்காய்ச்சல் என்று வேறு திசையில் தேட வேண்டியிருக்கும்.

வழக்கமாக நடக்கும் இன்னொரு தவறு: 'உடம்பு ரொம்ப தளர்ந்துவிட்டது' என்று பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. நீண்ட நாள் குடித்தவர் உடலில் தயமின் எனும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் போனால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, கண் ஆடுதல், தள்ளாட்டம், குழப்பம் என்று மூளைப் பாதிப்பு வரலாம். சிலருக்கு நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். தயமின் ஊசிதான் முதலில், அல்லது குளுக்கோஸுடன் சேர்த்து. அதைக் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள்.

தூக்க மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நைட்ரஸெபாம், அல்பிரஸோலாம் போன்றவற்றை நிறைய எடுத்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். போதைக்காக எடுக்கும் வலி மாத்திரை, ஹெராயின் வகையை நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, கொட்டாவி, கண்ணீர், தாங்க முடியாத அமைதியின்மை எல்லாம் வரும். 2, 3-ஆம் நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். கொடுமையாக இருந்தாலும் திடமான உடலுள்ளவருக்கு அது பொதுவாக உயிரைப் பறிப்பதில்லை. அங்கே உயிராபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறோம். கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஓ.பி. சிகிச்சையே போதும். காதில் குரல் கேட்கிறது, எல்லோர் மேலும் சந்தேகம் என்று ஆரம்பித்திருந்தால் கதை வேறு, அன்றே காட்ட வேண்டும்.

எங்கெல்லாம் கிடைக்கிறது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்: எல்லாவற்றிலும் மனநலத் துறை உண்டு. புறநோயாளி, உள்நோயாளி இரண்டுமே அங்கு பார்க்கலாம். 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்புக்கென்றே 25 மையங்களை மாநில அரசு திறந்தது. உங்கள் மாவட்டத்தில் எது என்பதை மருத்துவக் கல்லூரி மனநல ஓ.பி.யில் கேட்டாலே சொல்வார்கள்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்: 1794-இல் தொடங்கியது, போதை மீட்புக்குத் தனி வார்டு உண்டு. குடியோடு மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோயும் சேர்ந்திருக்கிறது, உள்ளூரில் சமாளிக்க முடியவில்லை என்றால் இங்கே அனுப்புவார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம்: மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். குறிப்பிட்ட கிழமைகளில் அவர் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் மிக அருகில் கிடைக்கும் கதவு. எந்தக் கிழமை எந்த ஊர் என்பதை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் கேளுங்கள்.

மத்திய அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள்: சமூக நீதி அமைச்சகத்தின் போதைத் தேவைக் குறைப்புத் திட்டத்தில் இவை வருகின்றன. பெரும்பாலும் 15 அல்லது 30 படுக்கைகள். தங்கல், உணவு, ஆலோசனை எல்லாம் இலவசம். 'பராமரிப்புக் கட்டணம்', 'சாப்பாட்டுக்கு மட்டும்' என்று பணம் கேட்டால், அது திட்டப் படுக்கைதானா என்று நேரடியாகக் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் திட்டப் படுக்கையும் கட்டணப் படுக்கையும் இருப்பதுண்டு. கேட்காதவரைக் கட்டணப் பக்கம் தள்ளிவிடுவது எளிது.

எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரும் பெங்களூரு நிம்ஹான்ஸும் வழிதான். நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. ஆனால் தொடர் சிகிச்சைக்கு மாதாமாதம் அவ்வளவு தூரம் போக முடியுமா என்று யோசித்துவிட்டுப் போங்கள். பேர் பெற்ற தூரத்து மருத்துவமனையைவிட பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகும் ஜி.எச். பலன் தரும்.

கூப்பிட வேண்டிய எண்கள்

14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 டெலி மானஸ் எனும் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். 104 தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண். புகையிலை, பான் மசாலா, கூல் லிப் என்றால் 1800-11-2356.

'எங்க அண்ணன் ரொம்பக் குடிக்கிறாரு, என்ன பண்றது' என்று தொடங்கினால் அரை மணி நேரம் ஆறுதல் கிடைக்கும், முகவரி கிடைக்காது. கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என் மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் படுக்கை வசதியோடு போதை சிகிச்சை எங்கே? மனநல ஓ.பி. எந்தக் கிழமை, சீட்டு எத்தனை மணி வரை போடுவார்கள்? மத்திய அரசு நிதி பெறும் மறுவாழ்வு மையம் எது, அங்கே நேரடியாகச் சேரலாமா, மருத்துவர் கடிதம் வேண்டுமா? பெண்களைச் சேர்ப்பார்களா? கிடைத்த முகவரிக்கு ஒருமுறை போன் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பட்டியல்களில் மூடிப்போன இடங்களும் இருக்கும்.

முதல் நாள் ஓ.பி.

காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் சீட்டுக் கவுண்டர் மூடியிருக்கலாம், திறந்திருந்தாலும் மருத்துவர் நிதானமாகக் கேட்கும் நேரம் முடிந்திருக்கும். சீட்டு போடுபவரிடம் 'மனநலம்' என்று சொல்லுங்கள். கூச்சப்பட்டு 'வயிற்று வலி', 'தூக்கம் வரலை' என்று சொன்னால் பொது மருத்துவ வரிசையில் நின்று, வைட்டமின் மாத்திரையோடு திரும்புவீர்கள். இப்படி ஒரு நாள் கூலி போனவர்கள் ஏராளம்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை நகல்கள், பழைய மருத்துவச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளும் அவற்றின் அட்டையோடு, கூடவே விவரம் தெரிந்த ஒரு ஆள். அந்த ஆள் முக்கியம். சேர்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் பெரும்பாலான வார்டுகளில் கூடவே தங்க ஒருவர் வேண்டும் என்பார்கள். அப்படி ஒருவர் இல்லாமல் போய்த் திரும்புவதுதான் அட்மிஷன் தள்ளிப்போவதற்கு அடிக்கடி காரணம். வரும்போதே மாற்றுத் துணி, டம்ளர், போர்வையோடு வந்துவிடுங்கள். உறவினர் யாருமே இல்லாதவர் அதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை, மருத்துவமனை சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

மருத்துவர் கேட்பது அளவு. 'கொஞ்சமா', 'பார்ட்டியில மட்டும்' என்பதெல்லாம் அவருக்கு உதவாது. 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீத மது என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது 10 கிராம் கணக்கில் 6 அலகு. நாளுக்கு இரண்டு குவார்ட்டர் என்றால் 12. இந்த எண்ணை வைத்துத்தான் நடுக்கம் அடக்கும் மாத்திரையின் முதல் அளவு முடிவாகும். குறைத்துச் சொன்னால் மருந்து போதாமல் இரண்டாம் நாள் வலிப்பு வரலாம். கூட்டிச் சொன்னால் தேவைக்கு மேல் மயக்கம். இவற்றையும் விடாமல் சொல்லுங்கள்: கடைசியாக எடுத்த நாள், மணி; எத்தனை வருடப் பழக்கம்; முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா; ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை உண்டா; சர்க்கரை, காசநோய், வலிப்பு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா; தற்கொலை முயற்சி நடந்ததா. கடைசிக் கேள்விக்கு நோயாளி முன்னால் வாய் திறக்க முடியாவிட்டால், தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லலாம்.

அன்று குடித்துவிட்டு வந்தால் பார்க்க மாட்டார்களா என்று பலர் தயங்குகிறார்கள். கடுமையாகப் பழகியவரை வெறும் வயிற்றில் நடுங்க வைத்துக் கூட்டிவருவதைவிட, நடந்து பேசும் நிலையில் வருவது மேல். தள்ளாடும் அளவுக்குப் போதையில் வந்தால் வரலாறு கேட்க முடியாது, மறுநாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

வார்டில் என்ன நடக்கும்

எல்லோரையும் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் தேவையில்லை. முன்பு வலிப்பு வந்தவர், குழப்பம் வந்தவர், ஈரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோருக்குப் படுக்கை அவசியம். மற்றவர்களுக்கு ஓ.பி.யிலேயே நாள் வாரியாகக் குறையும் மாத்திரை கொடுத்து, சில நாளில் மறுபடி வரச் சொல்வார்கள். அந்த மாத்திரை கூட இருப்பவர் கையில் இருக்கட்டும். மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

சேர்த்தால் முதல் கட்டம் 5 முதல் 10 நாள். டயசிபாம், குளோர்டயஸெபாக்சைடு வகை மாத்திரை, ஈரல் மோசமென்றால் லோரஸெபாம், தினமும் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் ஊசி, ரத்தப் பரிசோதனை, சில இடங்களில் வயிறு ஸ்கேன். நாலாம் நாள் நடுக்கம் நின்று நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் 'எனக்குச் சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்' என்ற பேச்சு வரும். வீட்டாரும் வேலையைச் சொல்லிச் சம்மதிப்பார்கள். சிகிச்சை குலைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உடலிலிருந்து மதுவை இறக்கியது சிகிச்சைக்கான தயாரிப்பு மட்டுமே. ஆலோசனை, மீண்டும் தொடாமல் இருக்க உதவும் மாத்திரை, வீட்டாருடன் பேச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் தங்கும் யோசனையை எடுக்க வேண்டிய நேரமும் இதுவே. டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு பரிந்துரைக் கடிதமும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் உடல் தேறியவரை மையங்கள் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

சட்டம் இந்த விஷயத்தில் நோயாளி பக்கம் நிற்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பிரிவு 18-இன்படி அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடத்தில் சிகிச்சை பெறுவது உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர், ஆதரவற்றவர், வீடற்றவர் என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது. அதற்கு வறுமைக் கோட்டு அட்டையைக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வர மறுப்பவரை என்ன செய்வது

இரவில் நாலு பேர் வேனில் வந்து கையைக் கட்டித் தூக்கிப்போவது சிகிச்சை அல்ல, குற்றம். சம்மதமில்லாத சேர்க்கைக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மேலே சொன்ன 2017 சட்டத்தின் பிரிவு 89-இன் கீழ், நோயாளியின் நியமனப் பிரதிநிதி (அவர் தனக்காக முடிவெடுக்க நியமித்தவர், அப்படி யாரும் இல்லையென்றால் பொதுவாக உறவினர்) விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கிறார், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்கிறார் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை வைத்திருக்கலாம். 'சம்பளத்தை எல்லாம் குடித்தே அழிக்கிறார்' என்பது மட்டும் இதற்குப் போதாது. தானாக வந்து சேர்ந்தவர் கேட்டால் விட்டுவிட வேண்டும், ஆபத்து என்று மருத்துவர் கருதினால் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைத்து மதிப்பிடலாம்.

அந்த நிலைக்குப் போகாத வீடுகளுக்குச் சிறந்த வழி, முதலில் நீங்கள் மட்டும் ஓ.பி.க்குப் போவது. சமூகப் பணியாளரோ ஆலோசகரோ பேசுவார்கள். வீட்டில் பேச நல்ல நேரம், அவர் தெளிவாக இருக்கும் காலையும், ஏதோ ஒரு உடல் உபாதை அவரைப் பயமுறுத்திய மறுநாளும். இரவில் போதையில் நடக்கும் சண்டையில் சொல்வது எதுவும் ஏறாது. 'குடியை விடுங்க' என்பதைவிட 'கை நடுங்குதே, டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம்' என்பது ஒப்புக்கொள்ள எளிது. அடி, உதை இருக்கும் வீடு என்றால் பொறுத்துக்கொண்டு சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டாம். 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், பாதுகாப்பும் சிகிச்சையும் தனித்தனியாக நடக்கட்டும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் உண்டு, கட்டணம் கிடையாது.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி, சொட்டு மருந்து விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் டைசல்பிராம் (மதுவோடு சேர்ந்தால் உடலில் கடும் எதிர்வினை உண்டாக்கும் மருந்து) இருந்தால், தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலக் குடிப்பவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து இறப்புகூட நேரலாம். அது இல்லாவிட்டால் காசுக்குக் கேடு. இரண்டுமே வேண்டாம்.

விட்ட பிறகு கொடுக்கும் மாத்திரைகள்

டைசல்பிராம் நோயாளி விளங்கிக்கொண்டு, சம்மதித்து எடுப்பது. கடைசியாகக் குடித்ததற்கும் முதல் மாத்திரைக்கும் இடையே குறைந்தது 12 மணி நேரம், பாதுகாப்புக்கு ஒரு நாள் இடைவெளி வேண்டும். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை எதிர்வினை வரலாம் என்பதால் 'இன்று போடவில்லை, இன்று குடிக்கலாம்' என்ற கணக்கு பலிக்காது. அரிஷ்டம், ஆசவம், சில இருமல் டானிக்குகளில் ஆல்கஹால் இருக்கிறது, அவையும் கூடாது. இதய நோய், மோசமான ஈரல், காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பது பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை ஏக்கத்தைக் குறைப்பவை. ஈரல் பழுதானவருக்குப் பேக்லோஃபென் கொடுப்பதுண்டு. இவை எல்லா ஜி.எச்.சிலும் எப்போதும் இருப்பில் இருக்காது. இல்லையென்றால், இருப்பில் உள்ள எதற்கு மாற்றலாம், அல்லது எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். வெளியே எழுதிக் கொடுத்ததைச் சில மாதம் வாங்க முடியாமல் நிறுத்துவதைவிட அது நல்லது.

ஊசி, வலி மாத்திரை

டேபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டு இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. இங்கே பல குடும்பங்கள் செய்யும் பிழை, ஒரு மாதம் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புவது. ஒரு மாதத்தில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும், ஏக்கம் குறையாது. வெளியே வந்தவர் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். முன்பு சொன்ன உயிராபத்து இதுதான். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த முதல் சில வாரம் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம்.

இதற்கு நிலையான சிகிச்சை, போதை மருந்துக்குப் பதிலாகக் கண்காணிப்பில் தரும் பியூப்ரினார்பின் என்ற மாற்று மருந்து. ஊசி போடுபவர்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இயங்கும் மையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். செவிலியர் முன்னிலையில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கினால் பலனில்லை. முதல் மாத்திரை, போதையை நிறுத்தியதால் வரும் உடல்வலி, கொட்டாவி போன்ற அறிகுறிகள் தொடங்கிய பிறகுதான். காலையில் ஊசி போட்டுவிட்டு மறைத்து வந்து மாத்திரை எடுத்தால் அறிகுறிகள் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். 'இந்த மருந்து எனக்கு ஒத்துக்கல' என்று ஓடுபவர்களில் பலருக்கு நடப்பது இதுவே. தொடக்கத்தில் தினமும் போக வேண்டியிருக்கும், ஆகவே வேலைக்குப் போகும் வழியில் மையம் இருப்பது முக்கியம். இருக்கும் இடத்தை 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணிலோ அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திலோ (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) கேட்கலாம். அங்கேயே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனைகளையும் முடித்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி இருந்தால் தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணமாகிவிடும்.

'போனால் போலீஸ் பிடிக்குமா?' சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காக மருத்துவமனை யாரையும் ஒப்படைப்பதில்லை, மருத்துவ விவரத்தை ரகசியமாக வைப்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 விதிக்கும் கடமை. ஏற்கெனவே பயன்பாட்டுக்கோ சிறு அளவுக்கோ வழக்கு இருந்தால்கூட, 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். வழக்கு இருப்பவர் சேர்க்கைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

தனியார் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்றால்

படுக்கை கிடைக்காமல் அப்படி ஒரு நிலை வரலாம். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள், அது செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள் என்று கேளுங்கள். 'முதல் ஒரு மாதம் பார்க்கவோ பேசவோ கூடாது' என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். தொடர்புகொள்வது நோயாளியின் உரிமை. சங்கிலி போடுவதைச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. கட்டாய மொட்டையும் கட்டாய வேலையும் அப்படித்தான். இத்தகைய இடங்களில் நோயாளிகள் அடித்துக் கொல்லப்பட்ட வழக்குகள் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கின்றன, எனவே இது வெறும் சந்தேகம் அல்ல.

பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் தனி மையங்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவே முதலும் நம்பகமானதுமான இடம். சிறாரைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது, பெற்றோர் உடன் தங்கலாம். பள்ளிப் பிள்ளை என்றால் சிறார் உதவி எண் 1098-இலும் வழி கேட்கலாம்.

இலவசத்துக்கும் ஆகும் செலவு

மருந்துக்கும் படுக்கைக்கும் காசில்லை, ஆனால் கூட இருப்பவரின் பத்து நாள் கூலி, பஸ், வெளிச் சாப்பாடு இருக்கிறது. அண்ணன் இரண்டு நாள், மனைவி மூன்று நாள், மாமா இரண்டு நாள் என்று முன்பே முறை வைத்துக்கொண்டால் நடுவில் குலையாது. வேலை செய்யும் இடத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் அன்று கேளுங்கள், பிறகு கேட்டால் ஒரு நாள் வீண். சீட்டில் நோயின் பெயர் வருவது சங்கடம் என்றால், உள்நோயாளியாக இருந்த தேதிகளை மட்டும் குறிப்பிட முடியுமா என்று மருத்துவரிடம் பேசலாம்.

தொடர் ஓ.பி. முதல் மாதம் வாரம் ஒருமுறை, பின் பதினைந்து நாள், பின் மாதம் ஒருமுறை என்று போகும். ஒரு வருடமாவது விடாமல் போக வேண்டும். இடைநாட்களுக்கு, குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, சந்தா கட்டாயமில்லை, பெயர் விலாசம் கேட்க மாட்டார்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள், குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும்.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால், வெட்கத்தில் அடுத்த ஓ.பி.யைத் தவிர்ப்பதுதான் அந்த ஒரு நாளை மூன்று மாதமாக்குகிறது. அதே சீட்டோடு அடுத்த ஓ.பி. நாளிலேயே போங்கள். எத்தனை நாள், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். டைசல்பிராம் எடுத்துக்கொண்டிருந்தால் அதை மறுபடி தொடங்கும் நாளை மருத்துவர் சொல்லட்டும். பல நாள் தொடர்ந்து குடித்து மறுபடி காலை நடுக்கம் வந்திருந்தால் படுக்கை கேளுங்கள். முன்பு சேர்ந்தவர் என்பதற்காக மறுக்கும் விதி எதுவும் கிடையாது. பழைய உள்நோயாளி எண் கையில் இருந்தால் கோப்பு சீக்கிரம் கிடைக்கும். டிஸ்சார்ஜ் சீட்டைப் படமெடுத்து வீட்டில் இரண்டு பேர் கைபேசியில் வைத்திருங்கள்.